‘தடைக்காலம்’ பாடிய ஹெலன்

தங்கச்சிமடத்து ஹெலனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. பாம்பனில் மீன்பெட்டிகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரமக்குடி சந்தையில் இறக்குவது அவள் பிழைப்பு. வண்டி அவள் கணவன் ஆன்டனி ராஜுடையது. அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பும்போது வண்டியை விற்றுவிடச் சொன்னார். ஹெலன் விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டாள். சந்தையில் முதல் வாரம் வழியை மறித்து நின்று கேலி பேசியவர்கள் உண்டு. அவர்கள் கால் விரலை உரசுகிற மாதிரி வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். அதோடு கேலி நின்றது.

ஹெலனிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்வது, அதைச் செய்யச் சொல்வதற்குச் சமம். பதினெட்டு வயதில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். கோயில் கிட்டாரை அங்கேயே எடுத்து எடுத்துத் தட்டிப் பார்த்து யாரும் சொல்லிக்கொடுக்காமல் பழகிவிட்டாள். ஒரு நாள் குழுவின் செயலாளர், “பொம்பளப் புள்ள பாடட்டும். கிட்டார மடியில வச்சுக்கிட்டு உக்காருறது என்ன பழக்கம்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெலன் மடியில் வைக்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு நின்று வாசித்தாள். அதற்கடுத்த ஞாயிறு கிட்டார் அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. ஹெலன் குழுவை விட்டு வெளியே வந்தாள். குழுவில் டிரம் அடித்துக்கொண்டிருந்த அவளுடைய அத்தை மகன் சகாயவினோத்தும் குச்சிகளைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே வந்துவிட்டான். அவனுக்கு விசைப்படகில் வேலை. கடலுக்குப் போகாத நாளெல்லாம் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிற கை.

அந்த வருடத் திருவிழாவுக்கு மைக் செட் போட வந்தவர் கீழக்கரை காஜா நவாஸ். துபாயில் ஒரு ஹோட்டலில் ஒலி அமைக்கும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பகல் வேளையில் ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு கேசட்டைப் போட்டார். வெள்ளைக்காரன் பாட்டு. கிட்டார் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போல வந்தது. தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஹெலன் இறங்கி வந்தாள்.

“என்னண்ணே, ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சா?”

“இல்ல தங்கச்சி. வேணும்னே கிழிக்கிறாங்க.”

“வேணும்னேயா?”

“ஆமா. கோவம் அப்படித்தானே இருக்கும். அதுக்குப் பேரு ராக்கு மியூசிக்கு.”

ஹெலன் தோரணத்தை மறந்தாள். அந்தக் கேசட்டின் இரண்டு பக்கமும் முடியும்வரை ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை. கோயிலுக்குள் பாடும்போதெல்லாம் தன் குரலின் ஓரத்தை மழுக்கி மழுக்கிப் பாடச் சொன்னார்களே, அந்த ஓரத்தை வைத்துக்கொண்டே ஒருவன் பாட முடியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நவாஸ் துபாயிலிருந்து ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும், ஒரு பேஸ் கிட்டாரும், நாலு குரலைத் தனித்தனியாகப் பிடிக்கிற ஒரு கேசட் ரெக்கார்டரும் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஆசைக்கு வாங்கியவை. கீழக்கரையில் அவற்றைத் தொட ஆளில்லை.

ஹெலனுக்குக் கிட்டாரும் பாட்டும், நவாஸுக்குப் பேஸ், வினோத்துக்கு டிரம். மூன்று பேரும் சேர்ந்து கூட்டணிக்கு ‘தங்கூஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தூண்டில் போடுகிற நைலான் கயிறுதான் தங்கூஸ். கண்ணுக்குத் தெரியாது, கையை அறுத்துவிடும். பெயர் வைத்தவன் வினோத்.

பாட்டுகளை ஹெலன் எழுதினாள். கடலைப் பற்றித்தான் எழுதினாள், ஆனால் கடலம்மா தாலாட்டும் பாட்டு எதுவும் அவளுக்கு வரவில்லை. டீசல் வாடையைப் பற்றி எழுதினாள். பெண் கேட்டு வந்துவிட்டுப் பெண்ணின் கை சொரசொரப்பாக இருக்கிறது என்று சொல்லிப் போனவர்களைப் பற்றி எழுதினாள். படகு திரும்பாத நாளில் படகுத்துறையில் நிற்கிற பெண்களை, அங்கன நிக்காத, இங்கன நிக்காத என்று விரட்டுகிறவர்களைப் பற்றி எழுதினாள்.

அப்போதுதான் மீன்பிடித் தடைக்காலம் என்ற சட்டம் புதிதாக வந்திருந்தது. ஏப்ரல் பாதியில் தொடங்கினால் மே கடைசி வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். மண்டபத்தில் நவாஸின் தாய்மாமா முஹைதீனுக்கு ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. சும்மா கிடந்த அந்த இடத்தின் சாவியை நவாஸ் கேட்டு வாங்கினார். ஐஸ் கட்டிகளை அடுக்கும் உள்ளறையின் சுவரெல்லாம் தெர்மாகோல். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே போட்ட சத்தம் எதிரொலிக்காது. “சென்னையில இப்படி ஒரு ரூம் கட்ட ஆளாப் பறப்பாங்க. நமக்கு மீன் வாடையோட சும்மா கிடைச்சிருக்கு” என்றார் நவாஸ்.

ராமநாதபுரத்தில் ஒரு பேண்ட் செட்டிடமிருந்து டிரம் வாடகைக்கு வந்தது. சிம்பல் என்கிற பித்தளைத் தட்டின் விளிம்பில் விரிசல். வினோத் அந்த விரிசலைத் தேடித் தேடி அடித்தான். மூன்றாவது பாட்டுக்கு டிரம் சத்தம் போதவில்லை என்று, தண்ணீர் ஊற்றி ஐஸ் உறைய வைக்கும் இரும்புக் கேனைக் கவிழ்த்துப் போட்டுக் குழாய்க் கம்பியால் அடித்தான். அடித்த வேகத்தில் ஹெலனே ஒரு நொடி பாட்டை விட்டுவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு பெண், இரண்டு ஆண்கள், கதவைச் சாத்திய ஐஸ் பேக்டரி. பேச்சு தங்கச்சிமடத்துக்கு வந்து சேர்ந்தது. ஹெலனின் அப்பா யாக்கோபு விசைப்படகு டிரைவர். அதிகம் பேசாதவர். பேசினாலும் கத்திப் பேசுவார், ஏனென்றால் டீசல் எஞ்சின் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்ததில் காது பாதி போயிருந்தது. ஒரு மத்தியானம் நேராக மண்டபத்துக்கு வந்து உள்ளறைக் கதவைத் திறந்தார். உள்ளே மூவரும் முழு வேகத்தில் இருந்தார்கள். ஹெலன் அவரைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. நிறுத்தினால் இனி எப்போதும் தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தது. யாக்கோபு ஒரு ஐஸ் கேன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வாரேன்ப்பா, கிட்டார வச்சுட்டு வாரேன்” என்றாள் ஹெலன்.

“எங்க வார?”

“கூப்பிடத்தான வந்தீக?”

அவர் எழுந்திருக்கவில்லை. “கோயில்ல நீ பாடும்போது ஒன் வாய் அசையும், பாத்துக்கிட்டு இருப்பேன். ஒண்ணும் கேக்காது. எனக்கு இப்பத்தான் புள்ள நீ பாடுறது கேக்குது” என்றார். பிறகு, “இன்னொருக்க அடிங்க” என்றார்.

மறுநாளிலிருந்து வலை பின்னும் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து ஐஸ் பேக்டரி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், “எம் மக வேலையா இருக்கா. என்ன வேணும்?” என்று கேட்டார். அவர் குரலில் கேட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது பாட்டில்தான் அது நடந்தது. நவாஸ் கரண்டை நம்பாமல் ரெக்கார்டரை மட்டும் ஒரு லாரி பேட்டரியில் ஓட விட்டிருந்தார். பாட்டின் நடுவில் கரண்டு போனது. கிட்டாரும் பேஸும் ஒரே நொடியில் ஊமையாகின. இருட்டில் வினோத்தின் டிரம் மட்டும் நிற்காமல் போனது. ஹெலன் ஒரு மூச்சு தயங்கினாள். ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீதிப் பாட்டை வெறும் தொண்டையால் பாடினாள். பாடினாள் என்பதைவிடக் கத்தினாள் என்பது சரி.

“கடலு யாரு வீட்டுக் கொல்லை?
கதவு போட ஒருத்தன் இல்லை.
வாடின்னாலும் வரமாட்டேன்,
போடின்னாலும் போகமாட்டேன்.”

அதைத் திரும்பப் பதிவு செய்யலாம் என்றார் நவாஸ். ஹெலனும் வினோத்தும் சேர்ந்து மறுத்தார்கள். கரண்டு போன இடத்தை அப்படியே வைத்தார்கள். ஒன்பது பாட்டுகள் முடிந்தபோது தடைக்காலமும் முடிய இருந்தது. ஆல்பத்துக்கும் அதையே பெயராக வைத்தார்கள்: ‘தடைக்காலம்’.

நாடாவை எடுத்துக்கொண்டு மூவரும் சென்னைக்குப் போனார்கள். ஒரு ஆடியோ கம்பெனிக்காரர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மூன்று யோசனைகள் சொன்னார். பயிற்சி உள்ள ஒரு பாடகியை வைத்துத் திரும்பப் பாட வைக்கலாம். கிட்டாரைக் குறைத்துப் புல்லாங்குழல் சேர்க்கலாம். மீனவர் பாட்டு என்றால் ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள், அங்கங்கே ஏலேலோ போடலாம்.

“எங்க ஊர்ல யாரும் ஏலேலோ பாடுறதில்ல சார். எங்க போட்டுல எஞ்சின் இருக்கு” என்றாள் ஹெலன்.

“ஒரு பேச்சுக்குத்தாம்மா.”

“அப்ப நீங்களே பாடிக்கிருங்க” என்று நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது நவாஸ், “டீயையாவது குடிச்சிருக்கலாம்” என்றார். வினோத் தெருவில் நின்று சிரி சிரி என்று சிரித்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கேசட் பிரதி எடுத்து, பரமக்குடியில் அட்டை அச்சடித்தார்கள். அட்டையில் மூவரும் ஐஸ் பேக்டரி வாசலில் நிற்கிற படம், ஓரத்தில் யாக்கோபுவின் முழங்கால். கடைகளில் அது விற்கவில்லை. ஊரில் ஒரு மேடையில் ஏறினார்கள், இரண்டாவது பாட்டிலேயே விழாக்காரர்கள் மைக்கை அணைத்துவிட்டார்கள். மிச்சக் கேசட்டுகளை வினோத் படகுத்துறையில் படகு படகாகக் கொடுத்தான். படகுகளில்தான் அது ஓடியது. எஞ்சின் இரைச்சலை மீறி ஒழுங்காகக் கேட்கிற ஒரே கேசட் இதுதான் என்று டிரைவர்கள் சொன்னார்கள். ஒரு போட்டிலிருந்து இன்னொரு போட்டுக்கு, பிரதியிலிருந்து பிரதிக்கு, அட்டை இல்லாமல், பெயர் இல்லாமல், அது கரையோடு கரையாக மேலும் கீழும் போனது.

நவாஸ் கீழக்கரையில் ஜெனரேட்டர் கடை வைத்தார். ஹெலனுக்குக் கல்யாணம் ஆனது. வினோத் ஒரு வாடைக்காற்று மாதத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் இழுத்து வரப்பட்டது. ஹெலன் அவனுக்காக அழுதது உண்டு, ஆனால் ஒப்பாரிக்காரர்களோடு உட்காரவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐஸ் கேன் அடித்த அந்தப் பாட்டை எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைத்தாள். வினோத்தின் அம்மாவான அத்தை வந்து கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லவில்லை. உள்ளே வந்து கூட உட்கார்ந்துகொண்டாள்.

வருடங்கள் போயின. ஒரு நாள் ராமநாதபுரத்தில் ஹெலனின் வண்டி கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. கடல்பாசி எடுக்கும் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகக் கூடாது என்று வனத்துறை அவர்களைத் தடுத்ததை எதிர்த்துப் போராட்டம். முன்னால் நின்று குரல் கொடுத்தவள் சின்னப்பாலத்து மிக்கேலம்மாள். அவள் குரல் கொடுக்க, மற்றவர்கள் திரும்பச் சொன்னது ஹெலனின் ஐந்தாவது பாட்டு. ‘போடின்னாலும் போகமாட்டேன்’ என்ற வரிக்குப் பிறகு தங்கள் வரிகளையும் சேர்த்திருந்தார்கள். ஹெலன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

“யாரு பாட்டுக்கா இது?”

“எங்க பாட்டு” என்றாள் மிக்கேலம்மாள். “எங்க வீட்டுக்காரர் போட்டுல கேட்டுட்டு வந்து பாடுவாரு. ஒக்காரு, நீயும் சொல்லு.”

ஹெலன் உட்கார்ந்து சொன்னாள். அது தன்னுடையது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. வண்டியில் மீன் கெட்டுக்கொண்டிருந்தது, அதுவும் தோன்றவில்லை.

ஆனால் போன வருடம் பரமக்குடி சந்தை எதிரே ஒரு செல்போன் கடையில் அதே மெட்டு கேட்டபோது அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. புதுப்படப் பாட்டு. புல்லாங்குழல் இருந்தது. ஏலேலோ இருந்தது. கதாநாயகன் கூப்பிடுகிறான், கதாநாயகி பாடுகிறாள்: ‘வாடின்னாக்க வந்திருவேன், போடின்னாக்க போயிருவேன்.’ கடைக்காரரிடம் போனை வாங்கிப் பார்த்தாள். பாடலுக்குக் கீழே ‘பாரம்பரிய மீனவர் பாடல்’ என்று போட்டிருந்தது.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. மிக்கேலம்மாள் கூட்டம் பாடிய போராட்ட வீடியோவை யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். அது படக் கம்பெனியின் பாட்டு என்று சொல்லி அந்த வீடியோ தூக்கப்பட்டுவிட்டது. மிக்கேலம்மாள் ஹெலனைத் தேடி வந்தாள். அது ஹெலனின் பாட்டு என்று அதற்குள் பாம்பன் படகுக்காரர்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. “நீதான் பாடுனதுன்னு சொல்லவே இல்லையேடி. இப்ப எம் வாயிலருந்து எடுத்துட்டு என்னையவே பாடக் கூடாதுங்கிறான்” என்றாள்.

ஹெலன் கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டுக் கடைசியில் ஒரு மேனேஜர் ராமநாதபுரம் ஹோட்டலுக்கு வந்தார். ஹெலனும் நவாஸும் போனார்கள். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

“மேடம், எங்களுக்குத் தெரியாது. பாரம்பரியப் பாட்டுன்னுதான் சொன்னாங்க. கேட்டாலும் அப்படித்தான் இருக்கு. பின்பாதியில டிரம்மும் குரலும் மட்டும்தானே.”

“கரண்டு போயிருச்சு சார்” என்றார் நவாஸ்.

மேனேஜருக்குப் புரியவில்லை. ஹெலன் கேட்டாள்: “பாரம்பரியம்னா என்னங்க அர்த்தம்? எழுதுனவன் செத்து எலும்பும் இல்லாமப் போயிட்டான்னு அர்த்தம். எனக்கு நாப்பத்துமூணு வயசு. காலையில பரமக்குடியில மீன் எறக்கிட்டு வாரேன்.”

அவர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். ‘பாடலைத் தந்தவர் ஹெலன்’ என்று போடலாம். மூல நாடாவைக் கொடுத்தால் மெஷினில் சுத்தம் செய்து, பழைய டிரம்மை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்து, ஆல்பத்தைப் பெரிய அளவில் வெளியிடலாம்.

“டிரம்ம எடுத்துர்றீங்களா?”

“அது கொஞ்சம் விரிசலா கேக்குது மேடம்.”

“அடிச்சவன் கடல்ல கிடக்கான்” என்றாள் ஹெலன். குரல் உயரவில்லை. “அவன்ட்ட கேட்டுட்டு வாங்க, எடுக்கலாம்.”

மேனேஜர் கையைப் பிசைந்தார். அந்தப் பெண்கள் பாடியதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, எங்களிடம் மட்டும் ஏன் சண்டை என்று கேட்டார். அந்தக் கேள்வி ஹெலனுக்குப் பிடித்திருந்தது.

“அவுக எடுத்துக்கிட்டாக. ஆனா வரமாட்டேங்கிறத வரமாட்டேன்னே பாடுறாக. நீங்க அத வந்திருவேன்னு ஆக்கிட்டீக. நாப்பது வார்த்தையில ரெண்டத் தொட்டீக, எங்க கழுத்தத் தொட்டுட்டீக. ஒண்ணு, அந்த வீடியோவ விடுங்க. ரெண்டு, பாரம்பரியம்ங்கிறத அழிச்சிட்டு மூணு பேரு பேரையும் போடுங்க. நாடா தரமாட்டேன்.”

வழக்கு என்றால் வருடக்கணக்காகும் என்றார் மேனேஜர். “ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

நவாஸ் அன்றே வேலையைத் தொடங்கினார். பத்திரமாக வைத்திருந்த மூல நாடாவிலிருந்து ஒன்பது பாட்டையும், விரிசல் சிம்பலும் மீதி இரைச்சலும் அப்படியே இருக்க, இணையத்தில் ஏற்றினார். பெயர்கள்: ஹெலன், சகாயவினோத், காஜா நவாஸ். பார்த்தவர்கள் சொற்பம். பிறகு பாம்பன் டிரைவர் ஒருவர் படகை ஓட்டும் வீல் ஹவுஸ் அறையில் நின்று தன் பழைய கேசட்டைக் காட்டி ஒரு வீடியோ போட்டார். அட்டையில் மூவரின் முகமும் யாக்கோபுவின் முழங்காலும் இருந்தன. அடுத்து மல்லிப்பட்டினத்திலிருந்து ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர். அட்டை இல்லாத கேசட்டுகள், நாடா அறுந்து ஒட்டிய கேசட்டுகள், கேசட்டே இல்லாமல் ஐந்தாவது பாட்டை மனப்பாடமாகக் கத்துகிற கிழவர்கள். எல்லாரும் வரமாட்டேன் என்றே பாடினார்கள். கம்பெனி ஒரு வார்த்தையும் பேசாமல் மிக்கேலம்மாளின் வீடியோவைத் திரும்ப விட்டது. இணையத்தில் பாட்டின் கீழே ‘மூலம்: தங்கூஸ்’ என்று வந்தது, பிறகு மூன்று பெயர்களும் வந்தன. படத்தில் மட்டும் கதாநாயகி இன்னும் வந்திருவேன் என்றுதான் பாடுகிறாள். அதை ஹெலன் இன்னும் விடவில்லை. வழக்கு நடக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் காரங்காட்டிலிருந்து ஜெப்சி என்றொரு பெண் வந்தாள். அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப் போகிறவள், டிரம் அடிப்பவள். அப்பாவின் கேசட்டைக் கேட்டு வளர்ந்ததாகச் சொன்னாள். ஹெலன் முகம் மலர்வதற்குள், “ஆனா அக்கா, ரெண்டாவது பாட்டு இழுவையா இருக்கு. வேகமா அடிச்சிருக்கணும்” என்றாள்.

ஹெலன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நவாஸுக்குப் போன் போட்டு, “அண்ணே, பேஸ எடுத்துட்டு வாங்க. இங்கன ஒருத்தி சண்டைக்கி வந்திருக்கா” என்றாள்.

இந்த வருடத் தடைக்காலத்தில் பாசிப் பெண்கள் மறுபடியும் கூடினார்கள். ஹெலன் குட்டி யானையின் பின்கதவைத் திறந்து அதையே மேடையாக்கினாள். நவாஸ் கடை ஜெனரேட்டரோடு வந்திருந்தார். ஜெப்சி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், கோஷம் போட மைக்குக்குத்தான் அனுமதி, இந்தக் கருவிக்கெல்லாம் இல்லை என்றார். மிக்கேலம்மாள் அவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் பின்னால் இன்னும் பலர் போய் நின்றார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிழல் தேடிப் போனார்.

கூட்டத்திலிருந்து ஒருத்தி, “அந்தக் கொல்லைப் பாட்டப் பாடுக்கா” என்றாள். இன்னும் பத்துப் பேர் அதையே கேட்டார்கள். படத்தில் வந்த பாட்டு என்று யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

“அது அஞ்சாவது” என்றாள் ஹெலன் மைக்கில். “மொதப் பாட்டுலருந்துதான் வருவேன். முழுசாக் கேக்கணும்.”

கிட்டாரின் ஒலியை முடிந்தவரை கூட்டினாள். ஜெப்சி குச்சிகளைத் தட்டித் தாளம் எண்ணினாள். முதல் அடியிலேயே சாலை ஓரத்து வேம்பிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.